சர்க்கரை நோய் வரும் முன்பே ரத்தம் என்ன சொல்கிறது? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்து ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கும் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கும் ரத்த மாதிரி எடுக்கப் போகும் ஆய்வக நுட்புநர் நான். கையில் பட்டையைக் கட்டியதும் கேள்விகள் தொடங்கிவிடும். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நின்ற நிலையில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது எனக்கு மனநிறைவைத் தரவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, பொறுமையாக விடை எழுதியிருக்கிறேன்.

இது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இன்னும் வராதவர்களுக்கும், வந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கும் உரியது. ஏற்கெனவே மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மேடு பள்ளம் ஏறி இறங்குகிற எங்களுக்கும் சர்க்கரை வருமா? குளிர் ஊரில் வராது என்கிறார்களே?

வரும். குளிர் யாரையும் காப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னொரு 15.3 சதவீதம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அது சொன்னது. தமிழ்நாட்டில் நோயுள்ளவர்கள் 14.4 சதவீதம். நாட்டின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம்.

மலைவாசிகளைக் காத்தது மலையின் உயரம் அல்ல, மலை வாங்கிய உழைப்பு. சாமையும் கேழ்வரகும் விளைவித்து, தண்ணீர் சுமந்து, சந்தைக்கு நடந்தே போன தலைமுறையின் உடல் வேறு. இன்று ஹட்டி வரைக்கும் சாலை வந்துவிட்டது, மினிபஸ் வந்துவிட்டது, வீட்டு வாசலில் இருசக்கர வாகனம் நிற்கிறது. தட்டில் ரேஷன் அரிசி. கொழுந்து பறிக்கும் பெண்கள் இன்னும் நடக்கிறார்கள். ஆனால் அதே வீட்டில் கடை வைத்திருப்பவரும், ஜீப் ஓட்டுபவரும், கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் நாளெல்லாம் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எதற்காக ரத்தம் எடுக்க வேண்டும்?

தொந்தரவு இல்லாத காலத்தில் எடுப்பதுதான் பயன். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் எல்லாம் நோய் நன்றாக முற்றிய பிறகு வருபவை. அதற்கு முந்தைய நிலையில் உடல் எதுவும் சொல்லாது. சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். அப்படித் தெரிந்தால் சோப்பை விட்டுவிட்டு ரத்தத்தைப் பாருங்கள்.

30 வயதைத் தாண்டிய எல்லோரும் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோருக்கு நோய் இருந்தாலோ, வயிறு பெருத்திருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்திருந்தாலோ, சினைப்பை நீர்க்கட்டி இருந்தாலோ 30 வரை காத்திருக்க வேண்டாம்.

வெறும் வயிற்றில், சாப்பிட்ட பிறகு, மூன்று மாதச் சராசரி என்று மூன்று சொல்கிறார்கள். எதைத்தான் நம்புவது?

மூன்றையும் நம்பலாம். மூன்றும் உடலின் வெவ்வேறு வேலைகளை அளக்கின்றன. இரவு முழுதும் நாம் சாப்பிடாதபோது கல்லீரல்தான் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு விடுகிறது. இன்சுலின் அதை அடக்கி வைக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு இந்த அடக்கம் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் நோய். உலக சுகாதார நிறுவனம் முந்தைய நிலையை 110-லிருந்துதான் கணக்கிடுகிறது. அதனால்தான் இரண்டு ஆய்வகத் தாள்களில் இரண்டு விதமாக அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறீர்கள்.

சாப்பிட்ட பிறகு பார்ப்பது வேறு கதை. வந்து சேர்ந்த சர்க்கரையைத் தசைகள் எவ்வளவு வேகமாக இழுத்துக்கொள்கின்றன, கணையம் எவ்வளவு சுறுசுறுப்பாக இன்சுலினைச் சுரக்கிறது என்பதை அது காட்டும். முறையாகச் செய்வதென்றால் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். 140-க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் நோய். நம் மக்களில் பலருக்குக் காலை அளவு நன்றாக இருக்கும்போதே இந்த அளவு ஏறிவிடும். காலை அளவை மட்டும் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது எச்பிஏ1சி. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் இதில் தெரியும். 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் நோய். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

வெறும் வயிறு என்றால் காலை டீகூடக் குடிக்கக் கூடாதா? குளிரில் டீ இல்லாமல் எப்படி இருப்பது?

கூடாது. குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். கொழுப்பு அளவையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். வெந்நீர் குடிக்கலாம், அது குளிருக்கு உதவும். பால் சேர்க்காத டீ என்றாலும் வேண்டாம். ரத்தம் கொடுத்த உடனே குடிக்கலாம், ஃபிளாஸ்க்கைக் கையோடு கொண்டுவாருங்கள்.

முகாமில் விரலில் குத்திப் பார்த்தபோது 118. ஆய்வகத்தில் 96. எது பொய்?

இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கையடக்கக் கருவிக்கான பன்னாட்டுத் தர விதியே 100-க்குக் கீழுள்ள அளவில் 15 மில்லிகிராமும், 100-க்கு மேல் 15 சதவீதமும் முன்பின்னாக இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. உண்மையான அளவு 102 என்றால் கருவி 88 என்றும் காட்டலாம், 116 என்றும் காட்டலாம். ஏற்கெனவே நோயுள்ளவர் அன்றாடம் தன்னைக் கண்காணிக்க அது போதும். நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கக் கையின் நரம்பிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் அளவுதான் வேண்டும். சாப்பிட்ட பிறகு குத்தினால் விரல் ரத்தத்தின் அளவு நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கருவியில் செருகும் சோதனைப் பட்டைகளில் ஒரு வகைக்கு, காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அளவு தவறும். பெரும்பாலான கருவிகளின் கையேட்டில் 3,000 மீட்டர் வரை பயன்படுத்தலாம் என்றிருப்பதால் அதில் பெரிய அச்சம் வேண்டாம். குளிர்தான் உண்மையான சிக்கல். ஜனவரி விடியலில் அலமாரியிலிருந்து எடுத்த கருவி வேலை செய்ய மறுக்கும், அல்லது தவறாகக் காட்டும். கருவியையும் பட்டையையும் அறைக்குள் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பில் வைத்துப் பிறகு பாருங்கள். விறைத்த விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். வெந்நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கவிட்டுக் குத்துங்கள். பிளம்ஸ் பறித்த விரலைக் கழுவாமல் குத்தி 200-ஐத் தாண்டியது என்று பதறி வந்தவர்களும் உண்டு.

ஆய்வகத்து அளவும் தவறலாம். குழாயில் எடுத்த ரத்தத்தில் உயிருள்ள அணுக்கள் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் ஃபுளோரைடு வைத்திருக்கிறார்கள். அதுவும் முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தொலைவான ஊரில் காலை எடுத்த ரத்தம் மலையிறங்கிக் கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ மதியம் போய்ச் சேர்ந்தால், 106 என்பது 96 ஆகிவிடக்கூடும். முந்தைய நிலையில் இருப்பவர் இயல்பானவர் என்று எழுதப்பட்டுவிடுவார். ரத்தம் எடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சர்க்கரைக்கு எடுத்தது சாம்பல் மூடிக் குழாயா? எத்தனை மணி நேரத்துக்குள் அணுக்களைப் பிரித்தெடுப்பீர்கள்? கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

வெறும் வயிற்றில் 92, ஆனால் எச்பிஏ1சி 6.1. டாக்டர் ரத்தசோகை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். சரிதானா?

சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் எச்பிஏ1சி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களிடம் ஹீமோகுளோபின் 9, 10 என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் எச்பிஏ1சி-யை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் தேவையில்லாத பயம் வரும். இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்ல வழி. உடனே தெரிய வேண்டுமென்றால் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை இருக்கிறது.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பிழை உண்டு. நீலகிரியில் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவே கூடாது. இருளர், குறும்பர், பணியர் முதலிய பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறது. 1952-ல் இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. இந்த நோயுள்ளவர்களின் சிவப்பணு 120 நாள் வாழாமல் சீக்கிரமே அழிந்துவிடும். சர்க்கரை ஒட்டிக்கொள்ளப் போதிய நாள் இல்லாததால், உண்மையில் சர்க்கரை கூடியிருந்தாலும் எச்பிஏ1சி குறைவாகக் காட்டும். கோளாற்றைச் சுமப்பவராக மட்டும் இருந்து நோயில்லாதவர்களுக்கும், ஆய்வகம் பயன்படுத்தும் முறையைப் பொறுத்து அளவு தவறலாம். கூடலூர், பந்தலூர் பக்கத்து உறவுகளே, உங்கள் குடும்பத்தில் சிக்கிள் செல் இருந்தால் எச்பிஏ1சி-யை நம்பி இருக்காதீர்கள். வெறும் வயிற்று அளவையும் குளுக்கோஸ் குடித்த அளவையும் கேட்டு வாங்குங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான் ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவேன். எனக்கு எதற்குப் பயம்?

ஒல்லியான கை, கால்களோடு வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும் உடல்வாகு நம் நாட்டில் மிகப் பொது. புனேயில் நடந்த ஆய்வுகளில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளின் உடலில்கூடத் தசை குறைவாகவும் கொழுப்பு அதற்கேற்பக் குறையாமலும் இருந்தது தெரியவந்தது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலையும் கல்லீரலையும் சுற்றி அடையும் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. எடை பார்க்கும் இயந்திரம் அதைச் சொல்லாது.

தையல் நாடா சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்: இதை எட்டினாலே அபாயம் கூடத் தொடங்குகிறது. எடையையும் பார்க்க விரும்பினால், உடல் நிறை குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23-ஐத் தாண்டினால் நமக்குக் கூடுதல் எடைதான். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 52 கிலோ. கேட்டதும் பலர் திகைத்துப் போகிறார்கள்.

சர்க்கரைதானே பார்க்க வந்தேன்? ட்ரைகிளிசரைடு கூடியிருக்கிறது என்று ஏன் சொல்கிறீர்கள்?

ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு. சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஏறுவது பெரும்பாலும் அதுதான். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அதனால் சர்க்கரை அளவு நன்றாகவே இருக்கும். ஆனால் கல்லீரல், தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்துக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டும். நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்கும். எண்ணெயே சேர்ப்பதில்லை, பிறகு எப்படிக் கொழுப்பு வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: தட்டு நிறையச் சோறும், நாள் நிறைய இனிப்பு டீயும், மதுவும் போதும்.

கல்லீரலுக்குள்ளேயே கொழுப்பு தங்கிவிட்டால் ஏஎல்டி, ஜிஜிடி என்னும் நொதிகள் சற்று உயரும். வயிற்று ஸ்கேனில் 'கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை' என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலோர் அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். பெருத்த வயிறு, உயர்ந்த ட்ரைகிளிசரைடு, தாழ்ந்த எச்டிஎல், கொஞ்சம் ஏறிய ரத்த அழுத்தம், 100-ஐத் தொட்ட காலைச் சர்க்கரை: இந்த ஐந்தில் மூன்று சேர்ந்து ஒருவரிடம் இருந்தால், தனித்தனியாக எதுவும் பெரிதாகத் தெரியாவிட்டாலும், அவர் ஆபத்தின் பாதையில் இருக்கிறார்.

முழுப் பரிசோதனைத் தொகுப்பில் இன்சுலின் அளவு, சிஆர்பி எல்லாம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் பணம் எனக்கு முக்கியம், அதனால் நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலோருக்குத் தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்து இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்கும் முறை ஆராய்ச்சிகளில் பயன்படுகிறது. ஆனால் இன்சுலினை அளக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால், எல்லோருக்கும் பொதுவான எல்லைக்கோடு இல்லை. சிஆர்பி உடலில் எங்காவது அழற்சி இருப்பதைக் காட்டும். சளி பிடித்திருந்தாலே அது ஏறிவிடும். யூரிக் அமிலமும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அபாயத்தோடு தொடர்புடையவைதான், ஆனால் அவற்றை அறிந்து நீங்கள் செய்யப்போவது வேறொன்றும் இல்லை. மேலே சொன்ன தையல் நாடாவும் ட்ரைகிளிசரைடும் அதே செய்தியைக் குறைந்த செலவில் சொல்லிவிடும்.

ரத்தமே எடுக்காமல் அபாயத்தைக் கணக்கிட வழி இருக்கிறதா?

இருக்கிறது. சென்னையில் உருவாக்கி 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கே கேள்விகள் கேட்கிறது. வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30. வயிற்றுச் சுற்றளவு: பெண்களுக்கு 80-க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90-லிருந்து 20, ஆண்களுக்கு 90-க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, 100-லிருந்து 20. பெற்றோரில் ஒருவருக்கு நோய் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உழைப்பும் உடற்பயிற்சியும் நன்றாக இருந்தால் 0, இரண்டுமே இல்லாவிட்டால் 30. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும். வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டிலும் சேர்த்து 50 மதிப்பெண் நம் கையில் இருக்கிறது.

அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை. எனக்கு வருவது உறுதிதானே? பிறகு எதற்கு வாயைக் கட்ட வேண்டும்?

உறுதி இல்லை. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை எல்லா வீடுகளிலும் சொல்கிறேன். குளுக்கோஸ் சோதனையில் முந்தைய நிலையில் இருந்த 531 பேரை அதில் சேர்த்தார்கள். எதுவும் செய்யாமல் வழக்கமான அறிவுரையோடு விட்ட குழுவில், ஏறத்தாழ மூன்றே ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நடை, சர்க்கரையும் தீட்டிய தானியமும் குறைப்பு, நார்ச்சத்துக் கூடுதல் என்று வாழ்ந்த குழுவில் 39.3 சதவீதம். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை எடுத்த குழுவில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

முயன்றவர்களிலும் பலருக்கு நோய் வந்தது உண்மைதான். நம் உடல்வாகு அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஆனால் தள்ளிப்போன ஒவ்வோர் ஆண்டும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைத்த ஆண்டு.

நாங்கள் கேழ்வரகுக் களிதான் சாப்பிடுகிறோம். அரிசியே தொடுவதில்லை. அது போதாதா?

கேழ்வரகு நல்ல தானியம். தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பல மடங்கு அதிகம். ஆனால் அதிலும் 100 கிராமுக்கு 65 முதல் 70 கிராம் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி வயிற்றில் வேகமாகச் செரித்து, சர்க்கரையை வேகமாக ஏற்றும். பெரிய உருண்டை இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, கேழ்வரகுதானே என்று இருக்க முடியாது. கெட்டியான களி, ஓர் உருண்டை, கூடவே அவரைக் குழம்பும் கீரையும் தாராளமாக. அவரை மலைவாழ்வு நமக்குக் கொடுத்த செல்வம். புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன. சாமை, தினைக்கும் இதே கணக்குத்தான். காலையில் மைதா ரொட்டி சாப்பிடும் லயன் வீடுகளில், அதை மாற்றுவதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

தேயிலை ஊரில் இருந்துகொண்டு டீ குடிக்காதே என்கிறீர்களா?

இல்லை. தேயிலைமேல் பழி போட வேண்டாம். இனிப்பில்லாத டீ குடிப்பவர்களுக்கு அபாயம் சற்றுக் குறைவு என்றுதான் பல நாட்டுக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரைதான் பகை. ஒரு தேக்கரண்டி 5 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 60 கிராம். நாள் முழுதும் சேர்த்து 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் விட முடியாது. வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், மலைத்தேன் பற்றியும் உடனே கேட்பார்கள். மூன்றும் சர்க்கரைதான். வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த அதை ஒவ்வொரு டீயோடும் தின்பது வேறு. விருந்தினர் வரும்போது சாப்பிடுங்கள்.

உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் மண்ணுக்கடியில் விளைவதால் கூடாது என்கிறார்களே?

கேரட்டும் பீட்ரூட்டும் காய்கறியாகச் சமைத்துச் சாப்பிடும் அளவில் தீங்கு செய்யாது, பச்சையாகக் கடித்தால் இன்னும் நல்லது. உருளை மட்டும் காய்க் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு. உருளைப் பொரியல் வைத்தால் சோற்றைக் குறையுங்கள். பிளம்ஸ், பேரி, பீச் போன்ற பழங்களைக் கடித்துத் தின்னலாம், சாறாக்க வேண்டாம்.

நாளெல்லாம் கொழுந்து பறிக்கிறேன். அதற்கு மேல் எதற்கு நடைப்பயிற்சி?

சரிவில் கூடையோடு ஏறி இறங்கிப் பறிப்பது நல்ல உழைப்பு. உங்களுக்குத் தனியாக நடைப்பயிற்சி தேவையில்லை. வேலை இல்லாத மாதங்களிலும், வேலையை விட்ட பிறகும் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. உழைத்த காலத்துச் சோற்று அளவு தொடர்ந்து, உழைப்பு மட்டும் நின்றுவிட்ட ஐம்பது வயதுக்காரர்களிடம்தான் அளவுகள் கிடுகிடுவென ஏறுவதைப் பார்க்கிறேன்.

மற்றவர்களுக்கு வாரம் 150 நிமிடம் விறுவிறு நடை. நமக்கு வாசலிலேயே ஏற்றம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஒரு சுவையான ஆய்வு செய்தார்கள். ஏறிப்போய்க் கம்பிவண்டியில் இறங்கியவர்களுக்கு ட்ரைகிளிசரைடு குறைந்தது. கம்பிவண்டியில் ஏறிப்போய் நடந்து இறங்கியவர்களுக்கு, குளுக்கோஸைக் கையாளும் திறன் மேம்பட்டது. ஆகவே ஏற முடியாத வயதானவர்கள் பஸ்ஸில் மேலே போய் நடந்து இறங்கினாலும் வீண் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் சமமான பாதையைத் தேடிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். குளிரென்றால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆறு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கமும், ஆண்டுக்கணக்கான இரவு வேலையும் அபாயத்தைக் கூட்டுகின்றன. வேலையை மாற்ற முடியாதவரிடம் மாற்றச் சொல்வதில் பொருளில்லை. நள்ளிரவில் முழுச் சாப்பாடு வேண்டாம், பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், விழித்திருப்பதற்காகக் குடிக்கும் டீயில் சர்க்கரை வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அபாயம் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் என்பதையும் ஷிப்ட் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை என்றார்கள். பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது. இனி கவலை இல்லைதானே, அக்கா?

தங்கச்சி, இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது உன்னிடம்தான். கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கோ அதற்கு மேலோ. பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு யார் வந்து இரண்டு மணி நேரம் உட்காருவது என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் தடுப்பூசி நாளில் உன் ரத்தத்தையும் பார்த்துவிடு. எச்பிஏ1சி மட்டும் போதாது, பிரசவத்தில் ரத்தம் போயிருந்தால் அது தவறாகக் காட்டும். தாய்ப்பால் கொடுப்பது உனக்கும் பாதுகாப்பு. பிறகு ஆண்டுக்கொரு முறை பார். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பும் பார்.

மூச்சிரைப்புக்கு மாத்திரை எடுத்தபோது சர்க்கரை ஏறியது. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உள்ளிழுக்கும் மருந்தில் இந்த விளைவு மிகக் குறைவு. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையும் அபாயத்தைச் சிறிதளவு கூட்டும். ஆனால் இதயத்துக்கு அது தரும் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

எச்பிஏ1சி 6.1-லிருந்து 5.5-க்கு வந்துவிட்டது. இனி பரிசோதனை தேவையில்லை, சரிதானே?

நல்ல உழைப்பு. ஆனால் உங்கள் கணையமும் குடும்ப வரலாறும் அதேதான். எதைச் செய்து இறக்கினீர்களோ அதை விட்டால் ஏறும். ஆண்டுக்கொரு முறை பாருங்கள், முடிந்தால் அதே ஆய்வகத்தில். பழைய தாள்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஐந்து ஆண்டுத் தாள்களை வரிசையாக வைத்தால் தெரியும் போக்கு, ஒரே தாளில் தெரியாது. 88, 93, 99 என்று போகும் காலை அளவு இன்னும் இயல்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் அது என்னை உறுத்தும். இரும்பு மாத்திரை எடுத்த பிறகு 6.1 இறங்கியிருந்தால், இறங்கியது சர்க்கரையா ரத்தசோகையா என்று மேலே சொன்ன பதிலோடு சேர்த்து யோசியுங்கள்.

ஒரு தடவை வெறும் வயிற்றில் 128 வந்தது. பத்து நாள் கழித்து 119. எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு அளவை வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை. எல்லையைத் தாண்டிய அளவு இரண்டு வேண்டும். அதே சோதனை இரண்டு முறை தாண்டலாம், அல்லது ஒரே நாளில் வெறும் வயிற்று அளவும் எச்பிஏ1சி-யும் சேர்ந்து தாண்டலாம். உங்களுக்கு ஒன்று தாண்டியது, ஒன்று தாண்டவில்லை. நாளுக்கு நாள் காலை அளவு சில புள்ளிகள் மாறுவது இயல்பு. முதல் நாள் தூக்கமில்லாமல் இருந்தீர்களா, காய்ச்சல் இருந்ததா என்று பாருங்கள். இரண்டாவது மாதிரி நெடுநேரம் குழாயிலேயே கிடந்ததா என்றும் கேளுங்கள்.

அடுத்ததாக 75 கிராம் குளுக்கோஸ் சோதனையும் எச்பிஏ1சி-யும் செய்யச் சொல்வார் மருத்துவர். இரண்டும் எல்லைக்குள் இருந்தால் நீங்கள் முந்தைய நிலையில் இருக்கிறீர்கள். அப்போது மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பாருங்கள், இன்று மாலையிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். இதற்கிடையில் தாகம் அதிகரித்தாலோ, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அத்தகைய அறிகுறிகளோடு எந்த நேரத்தில் எடுத்த அளவும் 200-ஐத் தொட்டால், இரண்டாம் சோதனை இல்லாமலே அது சர்க்கரை நோய். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.